கேட்டுப் பெறாத இல்லம்: டோனாவூர்

வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடலோர ஊரில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், சிறிது காலம் ஜப்பானில் ஊழியம் செய்துவிட்டு 1895இல் இந்தியா வந்தார். 1951 ஜனவரி 18ஆம் நாள் இறக்கும்வரை விடுப்பில்கூட ஊர் திரும்பவில்லை. நெல்லைச் சீமையில் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி சொல்வதே அவர் வந்த நோக்கம். குழந்தை வளர்ப்பு அந்தத் திட்டத்தில் இல்லை.

1901 மார்ச்சில், கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பிய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதே ஆண்டு களக்காட்டை அடுத்த டோனாவூருக்கு அவர்கள் குடிமாறினர். பின்னர்க் கைக்குழந்தைகளும் வந்துசேர, நாளின் போக்கே மாறிப்போனது. பால் காய்ச்சுவது, துணி அலசுவது, காய்ச்சல்காரக் குழந்தையுடன் இரா முழுக்க விழித்திருப்பது என்றே பொழுது கழிந்தது. இது ஊழியமே அல்ல என்று சக மிஷனரிகள் சிலர் முணுமுணுத்தனர். உள்ளூர்ப் பெண்களிலும் பலர் இதைத் தாழ்ந்த வேலையாகக் கருதித் தயங்கினர். நகைகளைக் கழற்றிவிட்டு ஊர்ப்பயணங்களில் ஏமியுடன் சென்றிருந்த பொன்னம்மாள்தான் குழந்தைகளின் பொறுப்பை ஏற்றார். டோனாவூரின் வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் பெரிதாகச் சொல்லப்பட வேண்டும். அவர் 1915இல் காலமானார்.

எளிமை அங்கே ஒரு விரதமாக அல்லாமல் வேலையின் தேவையாகவே வந்தது. வெளிநாட்டுப் பெண்களும் சேலை உடுத்தினர். குழந்தைகள் அவர்களைச் சித்தி என்றும், தமிழ்ப் பெண்களை அக்காள் என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் அழைத்தனர். எவருக்கும் சம்பளம் கிடையாது. அயலவர் மேலே, உள்ளூரார் கீழே என்று அன்றைய மிஷன் வளாகங்களில் நிலவிய அடுக்கை, ஒரே வீட்டு உறவுமுறை ஓரளவுக்காவது தளர்த்தியது.

பணத்துக்கு இரண்டே விதிகள்: யாரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை. பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் முன்பே கைக்கொண்ட வழி அது. தேவையை ஜெபத்தில் வைத்துவிட்டு, வந்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினர். ஆயினும் கேளாமை வேறு, அறியப்படாமை வேறு. ஏமி எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவலாக வாசிக்கப்பட்டன. டோனாவூர் என்ற பெயரே நன்கொடையாளர் பலருக்கு அவற்றின் வழியேதான் தெரிந்தது. இதனால் இல்லத்தாரின் விசுவாசம் பொய்யாகிவிடாது. ஆனால் நூல்களை விட்டுவிட்டு அந்த வரவை விளக்கினால் கதையில் பாதிதான் இருக்கும்.

1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1927இல் இல்லம் டோனாவூர் ஐக்கியம் என்ற பெயரில் தனி அமைப்பாகப் பதிவானது. 1931இல் விழுந்து அடிபட்ட ஏமி, கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து எழுதினார். அன்றாட வேலையை மற்றவர்கள் சுமந்தனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் தடைசெய்த பிறகு, வேறு காரணங்களால் ஆதரவிழந்த குழந்தைகளே அங்கு வரலாயினர். இல்லத்தின் நிர்வாகம் இப்போது இந்தியர்கள் கையில் இருக்கிறது.