550 மீட்டர், முக்கால் செகண்ட்

இன்னைக்கு எபிசோடில் துப்பாக்கி, மான், கொஞ்சம் பிசிக்ஸ்.

நான் வேட்டைக்காரன் இல்லை. நம்ம நாட்டில் சட்டமும் அதுக்கு விடாது. ஆனா யூட்டா, கொலராடோ, ஐடஹோ மாதிரி அமெரிக்க மேற்கு மாநிலங்களில் மியூல் டியர் வேட்டை சட்டப்படி நடக்குது. கோவேறு கழுதைக்கு இருக்கிற மாதிரி பெரிய காது, அதான் அந்தப் பேர். பல இடங்களில் குலுக்கலில்தான் அனுமதி. நல்ல ஏரியான்னா வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அப்படிக் காத்திருந்து போனவருக்கு எதிர் மலைச்சரிவில் பெரிய கொம்போட ஒரு ஆண் மான் தெரியுது. தூரம் 550 மீட்டர். சுடலாமா?

முடியும்னு சொல்லத்தான் கருவிகள் இருக்கு. லேசர் தூரத்தை அளக்கும், ஆப் கணக்குப் போடும், ஸ்கோப்பில் டயலைத் திருப்பினா போதும். ஒரு வீக்கெண்டில் அந்தக் கணக்கை நானும் பைத்தானில் எழுதிப் பார்த்தேன். 6.5 கிரீட்மூர், 140 கிரெயின் குண்டு. 550 மீட்டரில் 2 மீட்டருக்கு மேல கீழே இறங்குது. இது பிரச்சினையே இல்லை. புவியீர்ப்பு மாறாது, ஒரே இன்புட், ஒரே அவுட்புட்.

பிரச்சினை காற்று. பக்கவாட்டில் 16 கிலோமீட்டர் வேகத்தில் அடிச்சா குண்டு சுமார் அரை மீட்டர் தள்ளிப் போகும். மானோட இதயம், நுரையீரல் இருக்கிற பகுதியே ஏறக்குறைய 25 சென்டிமீட்டர்தான். அப்போ காற்றை வெறும் 5 கிலோமீட்டர் தப்பாக் கணிச்சாலே நடுவில் வெச்ச குறி அந்த வட்டத்துக்கு வெளியே. கையில் இருக்கிற காற்றுமானி நீங்க நிக்கிற இடத்தை மட்டும்தான் அளக்கும். நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கில் சென்சார் கிடையாது. காலையில் காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினா மேலே திரும்பும்.

அப்புறம் லேட்டன்சி. குண்டு போய்ச் சேர முக்கால் செகண்டுக்கு மேல ஆகுது. மான் ஒரு அடி எடுத்து வைக்க அது போதும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இதைச் சரிபண்ண முடியாது.

'பயிற்சி இல்லாதவன் 200 மீட்டரில் சுடுறதைவிட நான் 550-ல் சுடுறது மேல்'னு சிலர் சொல்வாங்க. பேப்பர் டார்கெட்டில் அது உண்மையா இருக்கலாம். பேப்பர் நடக்காதே! தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கின பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இத்தனை மீட்டர்னு கோடு போடலை, நோக்கத்தைப் பார்க்குது. எவ்வளவு தூரம் அடிக்க முடியும்னு சோதிக்கிறதுதான் குறின்னா, அது வேட்டையே இல்லைங்கிறது அவங்க நிலைப்பாடு. எனக்கு அது சரின்னு படுது. கிட்ட போக வழி இருந்தா போகணும். இல்லைன்னா அனுமதிச்சீட்டு வீணானாலும் பரவாயில்லை.

ஏன்னா, குண்டு வயித்தில் பட்டா மான் உடனே விழாது, ஓடும். சுட்டவர் பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறணும், அதுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். ஏறிப் பார்த்தா எல்லா சேஜ் புதரும் ஒரே மாதிரி இருக்கும். அது எந்தப் புதர் பக்கத்தில் நின்னுச்சுன்னே தெரியாது.