தோள்சீலை



ஆடை மானங்காப்பது என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அது குலத்தின் படியையும் ஊரறிய உரைத்தது. நாயர் மாதரும் நம்பூதிரியர் முன்னிலையில் மேலாடையை நீக்கவேண்டியிருந்தது எனின், பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த நாடார் குலப் பெண்டிர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? இங்கமர்ந்துள்ள குமரிமாவட்டத்து அன்பர்கள் அதனை நன்கறிவர்.

1829ஆம் ஆண்டு அரசாணை, கிறிஸ்தவம் தழுவிய பெண்டிர்க்குக் குப்பாயம் என்னும் சட்டையை அனுமதித்தது. உயர்குலத்தார் அணியும் தோள்சீலையை மறுத்தது. மறைக்கலாமா என்பதைவிட, யாரைப்போல் மறைப்பது என்பதே வழக்காயிற்று!

1858இல் கலகம் மூண்டது. பெண்களின் மேலாடைகள் பொதுவிடங்களிற் கிழிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தவே, 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை பிறப்பித்தார். நாடார் மகளிர் அனைவரும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டலாம். உயர்குல மாதரைப்போல் மட்டும் உடுத்தலாகாது! சலுகை வழங்கும்போதும் ஒரு கோடு கிழித்த சாமர்த்தியத்தை நோக்குங்கள்.

அப்பெண்களோ அக்கோட்டை மதித்தாரில்லை. உயர்குல மாதர் உடுத்தவாறே தாமும் உடுத்து நடந்தனர்.