கனமீட்டர் விலையும் கட்டடத்தின் விலையும்



தூத்துக்குடிக் கரையோரம் நடந்தவர்களுக்கு எட்டயபுரத்தில் நடக்கும் இந்த மாநாட்டின் பொருளை விளக்கத் தேவையில்லை. உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியைத் தொடுகிறது. கம்பி துருவேறிப் பருக்கிறது, பூச்சு வெடிக்கிறது, பால்கனியின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்கிறது. அலை ஏறி இறங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கேட்பது குறைந்தது எம்40 வலுத்தரக் கலவை, 0.40-க்கு மேற்படாத நீர்–சிமென்ட் விகிதம், கம்பிக்கு மேல் 75 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்).

'எம்40 என்றால் செலவு கூடுமே' என்பதுதான் வீடு கட்டுவோர் உடனே சொல்வது. கனமீட்டர் கணக்கில் அது உண்மை. ஆனால் தூணைக் கட்டிப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. வடிவமைப்புச் சுமை 200 டன் தாங்கவேண்டிய ஒரு குட்டைத் தூணை, ஒரு சதவீதக் கம்பியோடு எம்20-இல் வார்த்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 42 செ.மீ. வேண்டும். எம்40-இல் 32 செ.மீ. போதும். கான்கிரீட்டும் கம்பியும் 40 சதவீதத்துக்கு மேல் குறைகின்றன. கலவையின் விலை ஒன்றரை மடங்கானாலும் தூண் மலிவாகவே முடியும்; சென்ட்ரிங் பலகை மிச்சம், தரையில் இடமும் மிச்சம். 1970-களில் சிகாகோவின் வானளாவிகள் வலுவான கலவைக்கு மாறியதற்கும் காரணம் இதுவே.

தளத்தில் இந்த லாபம் கிடைக்காது. அங்கே கனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தொய்வு. வலுவைக் கூட்டி அதிகம் குறைக்க முடியாது. ஆகவே வீடு முழுவதற்கும் எம்40 போடச் சொல்வது நல்ல ஆலோசனை அல்ல.

சிமென்ட்டை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் மட்டும் கான்கிரீட் வலுவும் ஆயுளும் கூடியதாக ஆகிவிடாது. கனமீட்டருக்கு 450 கிலோவுக்கு மேல் சிமென்ட் வேண்டாம் என்று அதே விதி தடுக்கிறது. மீறினால் சூடேறிச் சுருங்கி விரிசல் விடும். ஆகவே சிமென்ட்டின் ஒரு பங்குக்குப் பதிலாக அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் எரிசாம்பல் வருகிறது. சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து நுண்துளைகளை அடைக்கிறது; உப்பு நுழையும் வழி குறுகுகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1979-இல். கழிவாக நினைத்த சாம்பல் வாசலிலேயே கிடைக்கும் மாவட்டம் இது. அதை வாங்காமல் விலையேற்றம் பற்றிப் புலம்புவதில் நியாயமில்லை.

பணம் உண்மையில் கரைவது கலவை எந்திரத்தின் அருகில். 50 கிலோ மூட்டைக்கு 0.40 விகிதத்தில் 20 லிட்டர் தண்ணீர். கலவை இழுக்கக் கனமாக இருக்கிறதென்று சித்தாள் இன்னும் ஐந்து லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.50 ஆகிவிடும், எம்40-க்குக் கொடுத்த காசு அந்த நொடியிலேயே போச்சு. இளக்கம் தர வேண்டியது சூப்பர் பிளாஸ்டிசைசர், தண்ணீர் அல்ல. பிறகு நீராற்றல் (க்யூரிங்): சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும், வெயில் காய்கிற வறண்ட ஊர்களில் பதினான்கு நாள். கரிசல் பூமியில் அந்தத் தண்ணீருக்கே லாரி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஈரச் சாக்கும் பாலித்தீன் போர்வையும் இங்கே ஆடம்பரம் அல்ல.

துருவைத் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதியது வந்தது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் சேர்த்தார்கள். முதற்செலவைக் கூட்டிப் பராமரிப்பைக் குறைக்கும் முடிவு அது. சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கும் மீனவர் வீட்டுக்கும் அந்தக் கம்பி கட்டுப்படியாகாது. அங்கே காவல் நிற்கவேண்டியது கான்கிரீட்தான்.

ஆகவே இந்த இரு நாள் அமர்வுகளில் கட்டுரை படிப்போர் கனமீட்டர் விலையோடு நிறுத்தாமல், 50 ஆண்டுப் பழுதுச் செலவையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பிற்பகலில் மேஸ்திரிகளும் கொத்தனார்களும் வருகிறார்கள். கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்பு அவர்களுக்கு.