எதிர் நாற்காலி

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கச் சொல்வீர்கள் என்று நினைத்து வந்தேன். நேர்காணலுக்குத் தயாராவது பற்றிப் பேசச் சொல்லிவிட்டீர்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இருக்கலாம். சரி, பேசுகிறேன்.

வங்கி எழுத்துத் தேர்வைப் பெரும்பாலும் கணினி திருத்துகிறது. அதற்கு நம்ம தெரு தெரியாது. நேர்காணலில் மதிப்பெண் போடுவது மனுசங்க. பொதுத்துறை வங்கி அதிகாரி வேலைக்கான பொது நேர்காணலில் 100க்கு 35 நாம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். எழுத்தர் வேலைக்கு 2016இலிருந்து நேர்காணல் இல்லை. நான் போன காலத்தில் இருந்தது.

2013இல் முதல் நேர்காணல். கடன் வாங்கிய சட்டை, இறுக்குகிற ஷூ. எதிரே ஐந்து பேர். சாதியை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. சொந்த ஊர் எது, ஊருக்குள்ளேயா வெளியேயா, அப்பா என்ன பண்றார்?

"விவசாயம் சார்."

"எத்தனை ஏக்கர்? நஞ்சையா, புஞ்சையா?"

என் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். சாவுக்குப் பறையடிப்பவர். ஒரு சென்ட் நிலம் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொண்டது. "ரெண்டு ஏக்கர்" என்றேன். என்ன உரம் போடுவீர்கள் என்றார்கள். அதற்குப் பிறகு தெரிந்த கேள்விக்கும் பதில் வரவில்லை. தோற்றேன். பொய் சொன்னதைவிட, எந்த அப்பாவை மறைத்தேன் என்பதுதான் ராத்திரியெல்லாம் அறுத்தது.

அடுத்த வருசம் அதே கேள்வி வந்தது. "கூலி விவசாயம் சார். பறையும் அடிப்பார். நிலம் இல்லை" என்றேன். ஒருவர் முகம் சுளித்தது. இன்னொருவர், "அப்ப பயிர்க்கடன் உங்க குடும்பத்துக்குக் கிடைக்காதே?" என்றார். பட்டா, சிட்டா, அடங்கல் இல்லாதவன் வங்கிப் படியேற முடியாமல் வட்டிக்காரனிடம் போய் நிற்பதை, எங்க வீட்டுக் கணக்கை வைத்தே சொன்னேன். பத்து நிமிசம் பேசியிருப்பேன். அது நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாடம். வேலை கிடைத்தது.

ஆகவே முதல் தயாரிப்பு இதுதான்: உன் வாழ்க்கையைக் கூசாமல் சொல்லப் பழகு. கண்ணாடி முன்னால் நின்று பழகினால் போதாது. நாலைந்து பேர் சேர்ந்து மேசை போட்டு உட்காருங்கள். இருப்பதிலேயே மோசமான கேள்வியைக் கேளுங்கள். "இடஒதுக்கீடு இல்லன்னா வந்திருப்பியா?" என்று கேளுங்கள. கோபம் வரட்டும், அழுகை வரட்டும். இங்கே வந்து தீர்ந்துவிட்டால் அங்கே நிதானமாகப் பேசலாம்.

அம்பேத்கர் பிடிக்கும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அரசியல் சட்டத்தோடு நிறுத்தாதே. 1923இல் லண்டனில் வெளியான 'ரூபாயின் சிக்கல்' நூலைச் சொல். வங்கி வேலை கேட்டுப் போகிறவர் வாயில் அது வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் படித்துவிட்டுச் சொல். பொழுதுபோக்கு பறையாட்டம் என்று எழுதினால், அதன் கட்டை என்ன மரம், தோல் எது என்று தெரிந்திருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல். இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும்.

காகிதங்களில் அலட்சியம் கூடாது. மத்திய அரசு, வங்கி வேலைகளுக்குச் சாதிச் சான்று அவர்கள் கொடுத்திருக்கும் படிவத்தில் இருக்க வேண்டும். தாலுகா ஆபீசுக்கு இப்போதே நடையைத் தொடங்கு. பெயரும் இனிஷியலும் எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். அழைப்புக் கடிதத்தைக் கடைசி வரிவரை படி. பயணப்படி உண்டென்றால் டிக்கெட்டைப் பத்திரப்படுத்து. அது பிச்சையில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 3412 பேரிடம் கையொப்பம் வாங்கி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இங்கே நடந்தால் அதிகார நாற்காலிகளை ஆதிக்கச் சாதிகளே பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் அவருக்கு. கேள்வி கேட்கும் நாற்காலியில் இருப்பவர் யார் என்பது அன்றைக்கே நம் கேள்வி.

நீங்கள் வேலைக்குப் போங்கள். பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஒருநாள் அந்த எதிர் நாற்காலியில் உட்காருங்கள். நாக்கு ஒட்டி நிற்கும் பிள்ளையிடம் முதலில், "தண்ணி குடிப்பா" என்று சொல்லுங்கள்.

ஜெய் பீம்.