ஆர்மேச்சர் கற்றுத் தந்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மின்னியல் துறை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழிற்சாலை அனுபவம் பற்றி 20 நிமிடம் பேசு என்று சொன்னார்கள். சாதனைகளைச் சொல்ல நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான், செய்யவிருந்த ஒரு பெரிய தவறைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். டிசி இயந்திரங்கள் பாடத்தில் ஆர்மேச்சர் வைண்டிங் பகுதியை நான் சாய்ஸில் விட்டவன். "இந்தக் கேள்வி வந்தால் அடுத்ததை எழுதிக்கலாம்" என்று விட்டேன். முன்வரிசையில் இருக்கும் ஐயா என்னை மன்னிக்க வேண்டும்.

"டிசி மோட்டாரா? அதெல்லாம் பழைய காலம் சார்" என்று ஒரு தம்பி இப்போதே முணுமுணுப்பது கேட்கிறது. பழைய காலம்தான். ஆனால் நம்ம ஊர் அதில்தான் ஓடியது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராம் வண்டிகள், 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே 1500 வோல்ட்டில் தொடங்கிய மின்சார ரயில் எல்லாமே டிசிதான். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பாதைகளுக்கு 1979-ல் மின்சாரம் வந்தது. மேலே கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் ஏசி. ஆனால் பெட்டிக்கு அடியில் சக்கரத்தைச் சுற்றியது வெகுகாலம் டிசி மோட்டார்தான். புதிய ரேக்குகளில்தான் த்ரீ ஃபேஸ் மோட்டார் வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரோலிங் மில்களில் பழைய டிசி மோட்டார்கள் இன்னமும் சில சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒரு மோட்டார்தான் என் கதாநாயகன்.

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. மில்லில் பராமரிப்புப் பொறியாளர் என்று பெயர். ஒரு கோடைக்கால இரவு ஷிஃப்டில் ஒரு மோட்டாரின் ஆர்மேச்சர் எரிந்துவிட்டது. 440 வோல்ட், 4 துருவம், 1000 ஆர்பிஎம். விடிந்ததும் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்கு அனுப்ப முடிவாயிற்று. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, "இங்கேயே பிரிச்சு அனுப்பிடலாம்" என்றேன். இரண்டு ஹெல்பர்கள் உளி வைத்து எரிந்த காயில்களை வெட்டி எடுத்தார்கள். செம்பு ஸ்கிராப் யார்டுக்குப் போய்விட்டது.

நான் குறித்து வைத்தது இவ்வளவுதான்: துருவம் 4, ஸ்லாட் 37, கம்பியின் அளவு, பிரஷ் வரிசை 4. பரீட்சைக்குப் படித்ததில் ஒரே ஒரு வரி நினைவிருந்தது. லேப் வைண்டிங்கிற்குத் துருவம் எத்தனையோ அத்தனை பிரஷ் வரிசை, வேவ் வைண்டிங்கிற்கு இரண்டே போதும். இங்கே நான்கு இருக்கிறதே! 'லேப்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பெரியபாளையம் வழியாக லாரியிலேயே போய் இறங்கினேன். பட்டறை மேஸ்திரிக்கு 60 வயது இருக்கும். என் காகிதத்தைப் பார்த்தார்.

"பழைய காயில் எங்க சார்?"

"பிரிச்சுப் போட்டாச்சு மேஸ்திரி."

"முனை எந்த செக்மென்ட்ல கிளம்பி எந்த செக்மென்ட்டுக்குப் போச்சுன்னு குறிச்சீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்யூட்டேட்டரில் ஒரு செக்மென்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 111. பிறகு டார்ச் அடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது லேப் இல்ல சார். வேவ்."

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை மாணவர்களுக்காக விளக்குகிறேன்.

ஆர்மேச்சர் காயிலுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் வடதுருவத்தின் கீழ் இருந்தால் மறுபக்கம் தென்துருவத்தின் கீழ் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டின் வோல்டேஜும் சேரும். 37 ஸ்லாட்டை 4 துருவத்தால் வகுத்தால் 9.25. ஆகவே காயில் 9 ஸ்லாட் தாண்டும். 1-ல் ஒரு பக்கம், 10-ல் மறுபக்கம். இதுவரை லேப்புக்கும் வேவுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் முனைகள் கம்யூட்டேட்டரில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதில்தான். லேப்பில் ஒரு காயிலின் இரு முனைகளும் பக்கத்துப் பக்கத்து செக்மென்ட்டில் சேரும். நான்கு துருவ வேவில் ஒரு முனை இங்கே என்றால் மற்றது ஏறக்குறைய நேர் எதிரே போகும்.

வேவில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு காகிதத்தில் 1 முதல் 13 வரை வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். 1-ல் தொடங்கி ஆறாறாகத் தாண்டுங்கள். 1, 7, 13, 6, 12, 5, 11, 4, 10, 3, 9, 2, 8, மறுபடி 1. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலம் மாதிரி. இதையே 12 எண்ணில் செய்து பாருங்கள். 1, 7, மறுபடி 1. இரண்டே காயிலில் கதை முடிந்துவிடும்! ஆகவே 4 துருவ எளிய வேவ் வைண்டிங்கிற்கு செக்மென்ட் ஒற்றைப்படையில் இருந்தே ஆக வேண்டும். ஸ்லாட் கணக்கில் இரட்டைப்படை வந்தால், ஒரு காயிலை இணைப்புக் கொடுக்காமல் எடைக்காக மட்டும் வைப்பதும் உண்டு.

லேப்பின் நிபந்தனை வேறு. அதில் துருவத்துக்கு ஒன்றாக இணைப் பாதைகள் ஓடும். காற்றிடைவெளி கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் பாதைக்குப் பாதை வோல்டேஜ் மாறி, பிரஷ் வழியே வேண்டாத கரண்ட் ஓடும். அதைத் தடுக்க, சம வோல்டேஜ் உள்ள இடங்களை ஈக்குவலைசர் கம்பியால் இணைப்பார்கள். நான்கு துருவத்தில் அந்த இடங்கள் நேர் எதிரெதிரே இருக்கும்.

"ஈக்குவலைசர் இருந்த தடமே இல்ல. இருக்கவும் முடியாது. 111-ல நேர் எதிர் செக்மென்ட் ஏது தம்பி?" என்றார். 'சார்' அதற்குள் 'தம்பி' ஆகியிருந்தது.

அப்படியானால் நான்கு பிரஷ் வரிசை? வேவுக்கு இரண்டு போதும் என்பது சரி. இரண்டுதான் இருக்கும் என்பது தவறு. கரண்ட்டைப் பகிர்ந்துகொள்ளவும், கம்யூட்டேட்டரின் நீளத்தைக் குறைக்கவும் நான்கு வைப்பார்கள். 'போதும்' என்ற ஒரு சொல்லை நான் கவனிக்காமல் படித்திருக்கிறேன்.

இருந்தாலும் அவர் ஊகத்தில் வேலையைத் தொடங்கவில்லை. "போய் ஒரு காயிலாவது எடுத்துட்டு வா" என்றார். அன்று மாலையே கும்மிடிப்பூண்டி திரும்பி, ஸ்கிராப் குவியலைக் கிளறி மூன்று காயில்களைத் தேடி எடுத்தேன். முனைகள் ஒன்றை ஒன்று நோக்கி வளையாமல், விலகி எதிரெதிர்த் திசையில் விரிந்திருந்தன. வேவ்தான்.

நான் எழுதியபடி கட்டியிருந்தால் என்ன ஆகும்? வேவில் 2 பாதை; நான்கு துருவ லேப்பில் 4 பாதை. அதே கம்பி, அதே வேகம் என்றால் எதிர் மின்னழுத்தம் பாதியாகிவிடும். 440 வோல்ட்டைச் சமன் செய்ய மோட்டார் இரண்டு மடங்கு வேகம் ஓட முயலும். எங்கள் டிரைவில் டாக்கோ கிடையாது. ஆர்மேச்சர் வோல்டேஜை வைத்துத்தான் வேகத்தைப் பிடிக்கும். 1000 ஆர்பிஎம்முக்குக் கட்டிய ஆர்மேச்சர் 2000-ஐ நோக்கிப் போனால் பேண்டிங் தாங்குமா, கம்யூட்டேட்டர் தாங்குமா? பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர் கதி என்ன? டெஸ்ட் ரன்னிலேயே பிடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், செம்பும் உழைப்பும் நாட்களும் போனது போனதுதான்.

அந்த ஆர்மேச்சர் கட்டி முடியும் வரை, விடுமுறை நாளெல்லாம் பட்டறையில்தான் கிடந்தேன். ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பேப்பர் மடித்து வைப்பார்கள். ஒவ்வொரு காயிலிலும் ஒரு பக்கம் ஸ்லாட்டின் அடியில், மறுபக்கம் வேறொரு ஸ்லாட்டின் மேலே. இதனால் முதலில் போட்ட ஒன்பது காயில்களின் மேல்பக்கம் கடைசி வரை தொங்கிக்கொண்டே இருக்கும். கடைசிக் காயில்கள் அவற்றின் அடியில் நுழைந்த பிறகுதான் முதல்வர்களுக்கு இடம் கிடைக்கும். பிறகு ஆப்பு அடித்து, முனைகளை செக்மென்ட் ரைசரில் பற்றவைத்து, கண்ணாடி இழை நாடாவால் இழுத்துக் கட்டி, வார்னிஷ் ஏற்றி அடுப்பில் உலர்த்தி, கம்யூட்டேட்டரைக் கடைந்து, மைக்காவைச் செம்புக்குக் கீழே இறக்கி, பேலன்ஸ் பார்ப்பார்கள். இடையில் சிறிய டிசி கொடுத்து, அடுத்தடுத்த செக்மென்ட்டுகளுக்கு இடையே மில்லிவோல்ட் எடுப்பார்கள். 111 இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். நானே எடுத்தேன். வந்தது.

முனை தாண்டும் எண் 55 ஆகவும் இருக்கலாம், 56 ஆகவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஒன்று சுற்றும் திசை மாறும். முனைச் செம்பு சற்றுக் குறையும் என்பதால் பொதுவாகச் சின்ன எண்ணைத்தான் வைப்பார்கள் என்று 55 போட்டார். குறைந்த வோல்டேஜில் ஓட்டித் திசை சரிதான் என்று பார்த்த பிறகே லாரியில் ஏற்றவிட்டார்.

நண்பர்களே, மேஸ்திரி பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. நான் சாய்ஸில் விட்ட பாடம் முழுவதும் அவர் விரல் நுனியில் இருந்தது. இன்று பட்டறையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். ஏசி மோட்டார்தான் பெரும்பாலும். டிசி ஆர்மேச்சர் வந்தால் மட்டும் அப்பாவைக் கூப்பிடுகிறார். அப்பாவுக்குப் பிறகு யாரைக் கூப்பிடுவார்?

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, 13 செக்மென்ட் படத்தைக் கையால் ஒரு முறை போடுங்கள். அரை மணி நேர வேலை. இரண்டு, எந்த இயந்திரத்தையும் பிரிப்பதற்கு முன் எண்ணுங்கள், குறியுங்கள், படம் எடுங்கள். கையில் செல்போன் இல்லாதவர் இங்கே யாரும் இல்லை.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களில் பத்துப் பேரையாவது அந்தப் பட்டறைக்கு அனுப்புங்கள். மேஸ்திரியிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். "கேள்வி கேக்கிற பசங்களா அனுப்பு தம்பி" என்று மட்டும் சொன்னார். அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது.