வருவாய் வேற்றுமையும் ஊரின் உடல்நலமும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வறுமை நோயைத் தரும் என்பது நம் பாட்டிமார்க்கும் தெரிந்த செய்தி. அதைச் சொல்ல நான் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. பட்டினியே இல்லாத இடத்திலுங்கூட, வருவாயும் பதவியும் இறங்க இறங்க ஆயுளும் இறங்குகிறது என்பதே நான் கூற விரும்புவது.

இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு முதல், இலண்டன் அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆடவரை மருத்துவர்கள் பரிசோதித்து, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். எல்லோரும் மாதச் சம்பளக்காரர். 1948 முதல் அந்நாட்டில் மருத்துவமும் இலவசம். அப்படியிருந்தும், வாயிற்காவலர், ஏவலர் முதலிய கடைநிலை ஊழியர் இதய நோயால் இறந்த விகிதம், உயர் அதிகாரிகளின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. புகைபிடித்தலும் இரத்தக் கொதிப்பும் இதற்கு ஒரு பகுதிக் காரணமே. இன்னொன்றையும் கவனியுங்கள்: முதற்படி அதிகாரிகளுக்கு அடுத்த படியில் நல்ல சம்பளம் பெற்றவரிடையேயும் இறப்பு மிகுந்தே காணப்பட்டது. செய்யும் வேலையில் தன் சொல் செல்லாத நிலையும் ஓயாத மனக்கவலையும் உடலை அரிக்கின்றன என்று, ஆய்வாளருள் ஒருவரான மைக்கேல் மார்மட் விளக்கினார். இதைப் படித்த பின், மணியடித்து ஆளை அழைக்க என் கை சற்றுத் தயங்குகிறது.

நம் நாட்டிலும் இதே படிக்கட்டுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர், மிக எளிய ஐந்திலொரு பங்குக் குடும்பங்களில் 100க்கு 46 பேர். மிக வசதியான ஐந்திலொரு பங்கில் 23 பேர்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்கப் போகும் நாளின் கூலியை யார் தருவார்? இக்குறையைப் போக்கவே 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறாத வீட்டை எவரும் தேடிச் செல்ல இயலாது. அப்பெயர்களைத் தரக்கூடியவர்கள் நீங்களே.

வருவாயைச் சமன்செய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் முடிகிறது என்பதோ உங்கள் கையில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருவுக்கு நீர் போய்ச் சேர்வதற்குள் வேகம் குறைந்துவிடுகிறது. அந்தக் கடைசித் தெருவில் குடியிருப்போர் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டுமா? அடுத்த கிராம சபைக்கு முன், ஒரு நாள் விடியற்காலையில் அங்கே சென்று கடைசிக் குழாயில் ஒரு குடத்தை வையுங்கள். அது நிரம்ப எத்தனை நிமிடமாகிறது என்பதைக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.