அன்றாடக் கூலியும் அன்றாடப் பள்ளிக்கூடமும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  

பரிசு பெற்ற பிள்ளைகளை எல்லாரும் வாயாரப் பாராட்டிவிட்டார்கள். நான் மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். "அதுக்குப் படிப்பு ஏறல சார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி ஏறும்?

இது பழைய கதை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். வைத்தார்கள். கங்காணியும் கிராணியுமே வாத்தியாராக நின்ற பள்ளிகள் உண்டு. பள்ளி வந்தது, பிள்ளையை நாள்தோறும் அனுப்பும் வசதி வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்தில் அன்றாடக் கூலி. மழை பெய்தால் மரம் சீவ முடியாது, சம்பளமும் இல்லை. குறைந்ததை ஈடுகட்ட மறுநாள் பிள்ளையும் மங்கு துடைக்க, ஒட்டுப்பால் எடுக்கப் போகும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் மாதச் சம்பளம் வாங்கியவர் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பிள்ளைக்கும் மூளை ஒன்றுதான். வீட்டுக்குப் பணம் வரும் விதம்தான் வேறு. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டுப் பல காலம் போராடியதே, அதில் பிள்ளைகளின் படிப்பும் அடங்கியிருந்தது என்பது என் கருத்து.

இன்று தோட்டங்கள் எங்கே? சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது. எபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆகிவிட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிற்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்தைப் புகழ எனக்கு மனமில்லை. லயத்து வாழ்க்கை என்னவென்று உங்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேளுங்கள். ஆனால் அங்கே ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. தாய் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம்; கொட்டகை கூட வரவில்லை. அம்மா கிள்ளானில் தொழிற்சாலைக்கு, அப்பா இரவுக் காவல் வேலைக்கு. தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பது? அக்காதான்! நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை. அவள்தான் இன்றைய ஆயாக் கொட்டகை. அம்மாமார்களே, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வாடகை இடிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவளேதானா நிற்க வேண்டும்? அண்ணன்காரன் ஒரு நாள் நின்றால் என்ன?

வறுமையும் இடைநிற்றலும் கைகோத்துப் போவதை 1973ஆம் ஆண்டு முராட் அறிக்கையே எடுத்துக் காட்டியது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. பிறகு பள்ளியில் உணவுத் திட்டமும் வந்தது. சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதைத் தமிழ்நாடும் கண்டது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய காமராசர் முதலமைச்சராகி மதிய உணவு கொடுத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொடுத்தார். 2022இல் அங்கே காலை உணவும் வந்துவிட்டது. நம் பள்ளியிலும் உணவு உண்டு. ஆனால் வெட்கப்பட்டுப் பாரம் நிரப்பாத பெற்றோர் இருக்கிறார்கள். பிச்சையா அது? நம் வரிப்பணம் ஐயா!

இன்னொன்று, பத்திரம். "கோயிலில் தாலி கட்டியாச்சு, பதிவு எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். 1982 மார்ச் முதல் நம் திருமணங்களையும் சட்டப்படி பதிய வேண்டும். பதியாத திருமணத்தால், காலத்தில் எடுக்காத பிறப்புப் பத்திரத்தால், பிள்ளை பள்ளியில் சேர்வதிலும் உதவி பெறுவதிலும் முட்டி நிற்கிறது. தாய் தகப்பன் விட்ட வேலைக்குப் பிள்ளை அலைகிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பாலர் வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. பழைய நாற்காலிகளை வெளியேற்றி, ஓய்வாக இருக்கும் பாட்டிமார் இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால், தம்பி தங்கைகளை அங்கே விடலாம். அக்கா வகுப்பில் உட்காரலாம். அனுமதி வாங்க வேண்டிய கடிதங்களை நான் எழுதித் தருகிறேன். உணவுப் பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் வாருங்கள். இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் ஆசிரியர் அறையில் இருப்பேன். பிறப்புப் பத்திரத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.